லாந்தர்க்காரியின் கோப்பை

“அதெப்படி? பாம்பைப் பார்த்து வசனம் பேசினதுக்கு ரெண்டு. வெட்டினதுக்கு ரெண்டு. வெட்டி முடிச்சிட்டு மறுபடியும் வசனம் பேசினதுக்கு இன்னொண்ணு. செத்த பாம்புக்குக் காது கேக்குமா?”

“மாமா, மெதுவா. சார் இன்னும் கீழ போய்ச் சேரல.”

“கேக்கட்டுமே. நான் அவரையா சொல்றேன்? அவரு பாவம், குடுத்தா வாங்கிக்கிறாரு. உன்னைத்தான் சொல்றேன், சாமி.”

சாமி என்று அவளை முதலில் கூப்பிட்டது இந்த மாமாதான். அம்மாவின் கடைசித் தம்பி, பேருந்து ஓட்டுநர். ஞாயிறுதோறும் மதியத்துக்கு மேல் அவள் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் ஆடும் ஆட்டத்தில் மழையைப் பெய்யச் சொல்வதும் பாலத்தை இடியச் சொல்வதும் அவள்தான் என்பதால் வந்த பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். மாமா ஒரு திருடன். பட்டறை மேலாளர், அதாவது சார், ஒரு மாவீரன். அவளுடைய தோழி குருவி, லாந்தர் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பவள். எதிரே என்ன வருகிறது என்று சாமி சொல்வாள். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பலகையும் கிடையாது, காய்களும் கிடையாது. பேச்சிலேயே ஒரு காடு முளைக்கும், பேச்சிலேயே அது எரிந்தும் போகும்.

ஆட்டம் முடிந்ததும் அனுபவப் புள்ளி கொடுக்க வேண்டும். அன்றைக்கு யார் எதைத் துணிந்தார்கள், எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்து அவள்தான் கொடுப்பாள். புள்ளி சேரச் சேர அவரவர் வேடம் ஒரு படி ஏறும், பலம் கூடும். மற்ற வீடுகளில் இதைக் காகிதத்தில் குறித்துக்கொள்வார்களாம். இங்கே வேறு வழக்கம். அவளும் குருவியும் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்பவர்கள்; விளிம்பு தெறித்தும் கீறல் விழுந்தும் கழித்துப் போட்ட லென்ஸ்களை அவள் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். அதற்குச் சில்லு என்று பெயர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பீங்கான் கோப்பை. அவள் எழுந்து மேசையைச் சுற்றி வருவாள். காரணத்தை வாய்விட்டுச் சொல்வாள், கோப்பையில் சில்லைப் போடுவாள். க்ளிங். காரணம் சொல்லாமல் சில்லு விழக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

அன்று சாரின் கோப்பையில் ஐந்து விழுந்திருந்தது. மாமாவுக்கு இரண்டு. குருவியின் கோப்பையில் ஒன்றுமில்லை.

“குருவிக்கு ஏன் இல்லை?” என்றார் மாமா.

“மாமா, விடுங்க. நான் என்ன செஞ்சேன்? லாந்தரைத் தூக்கிக்கிட்டு நின்னேன்,” என்று குருவி சிரித்தாள். அதற்குள் கோப்பைகளை அள்ளிக்கொண்டு கழுவப் போய்விட்டிருந்தாள்.

சாமி மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அன்றைய ஆட்டத்தில் குகைக்குள் ஒரு அனல்காற்று வந்தது. லாந்தரின் கண்ணாடி கொதித்துப் போய்விட்டது என்று அவள் சொன்னாள். சார் அப்போது பாம்பைப் பார்த்து ஒரு பெரிய உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். அந்த உரைக்கு நடுவே, யாருக்கோ வழிவிடுவதைப் போன்ற ஒரு சின்னக் குரலில், குருவி சொன்னாள்: “என் கை சுடுது. ஆனா நான் லாந்தரைக் கீழ வைக்கல.” லாந்தர் கீழே போயிருந்தால் இருட்டு, இருட்டானால் வாள் குறி தப்பும். சாரின் மாவீரன் வென்றதே அந்த வெளிச்சத்தில்தான். அது சாமியின் காதில் தெளிவாக விழுந்தது. சில்லு மட்டும் விழவில்லை.

*

இது ஒரே நாளில் வந்த கோணல் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால், சாப்பாட்டு இடைவேளையில் அவளும் குருவியும் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, சார் கதவருகே தயங்கி நின்றார். “நானும் வரலாமாம்மா? ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல என் பேச்சை டிவி கூடக் கேக்கிறதில்ல,” என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வந்தார். முதல் நாள், பாவம், எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் செய்தார். கூட வந்த திருடனையே வெட்டப் பார்த்தார். அவள் ஒரே ஒரு சில்லு போட்டாள். சார் கோப்பையைச் சாய்த்து உள்ளே பார்த்த பார்வை அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பரீட்சைத் தாளை வாங்கிய பையனின் பார்வை அது.

மறுநாள் அவள் சரிபார்த்து அனுப்பிய ஒரு மூக்குக்கண்ணாடி திரும்பி வந்தது. அச்சு விலகியிருக்கிறது என்றார் சார். அவள் வேலையே அதுதான். தேய்த்து மாட்டிய லென்ஸைக் கருவியில் வைத்து, பவரும் அச்சும் சரியா என்று பார்ப்பது. உண்மையிலேயே துளி விலகித்தான் இருந்ததோ என்னவோ. அவளுக்கு மட்டும் அது நேற்றைய ஒற்றைச் சில்லாகவே பட்டது. அடுத்த ஞாயிறு நான்கு போட்டாள். காரணங்களா கிடைக்காது? தேடினால் எதற்கும் கிடைக்கும். அந்த வாரமே சார் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் சனிக்கிழமை அரை நாள் வந்தால் போதும் என்றார். சில்லுக்கும் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் இருந்ததா? அவர் மனதில் இருந்திருக்காது. அவள் மனதில் அவை இரண்டும் அன்றே கைகோத்துக்கொண்டன. கேட்டு வாங்கியதாக இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கேட்காமல் வந்ததை எங்கே கொண்டு போய்க் கொடுப்பது?

மேசையில் பேச்சு என்பது ஒரு அளவுதான். சாரின் காரணங்கள் வளர வளர குருவியின் காரணங்களுக்கு இடம் குறைந்தது. படி ஏறாத வேடத்துக்குப் பலமும் ஏறாது. பலமில்லாதவள் லாந்தரைத் தூக்குவதைத் தவிர வேறென்ன செய்வாள்? லாந்தர் தூக்கினால் சில்லு இல்லை. சார் ஆறாம் படிக்குப் போய்விட்டார். குருவி இரண்டாம் படியில் லாந்தரும் கையுமாக நின்றாள்.

இதெல்லாம் ஆட்டம்தானே என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்வாள். அந்தச் சமாதானம் பாம்பு செத்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமையோடு முடிந்தது.

*

“உக்காரும்மா,” என்றார் சார். தேய்ப்பு எந்திரங்களின் இரைச்சல் கதவைத் தாண்டி மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. “ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுப் பட்டறை தயாராயிடுச்சு. பொறுப்புக்கு ஒரு ஆளு வேணும். யாரைப் போடலாம்னு ரொம்ப நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவளுக்குத் தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் குருவியின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இப்போது குருவி இரண்டு பேருந்து மாறி வருகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் அவள் மகள் அக்கம்பக்கத்து வீடுகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறாள். ஒருமுறை, கையிலிருந்த லென்ஸ் தேய்த்த மாவைக் கழுவிக்கொண்டே, குருவி குழாயைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்டி.” குருவி தனக்கென்று ஏதாவது கேட்டு அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

“வேலைன்னு பாத்தா குருவிதான்,” என்றார் சார். “அந்தப் பொண்ணு தேய்ச்ச லென்ஸ் சட்டத்துல உக்காரும்போது சத்தமே வராது. அவ பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன். ஆனா ஒரு இடத்தை நடத்தணும்னா முன்னால வந்து நிக்கணுமில்ல? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாக்கறேனே. ஆறு மாசமா அந்தக் கோப்பை காலி. எதுலயும் துணியறதில்ல, எதையும் எடுத்துச் செய்யறதில்ல. நானா சொல்றேன்? நீதானே மார்க் போடற!”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எதற்குச் சிரித்தோம் என்று அன்று முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“அப்புறம்தான் தோணுச்சு. விளக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வெளிச்சத்தைத் தேடறோமே! ஆளுங்களை எடைபோடத் தெரிஞ்சவ, ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்றவ, மாமான்னு கூடப் பாக்காம ரெண்டு சில்லோட நிறுத்தறவ. நீயேதான் பாத்துக்கணும் அந்த இடத்தை.”

“சார், அது வந்து… குருவி…”

“தோழிக்காகப் பேசற. எனக்குத் தெரியும், நீ இப்படித்தான் பேசுவேன்னு,” என்று அவர் இன்னும் மகிழ்ந்து போனார். “இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன். அதுவரைக்கும் மனசுக்குள்ள இருக்கட்டும்.”

சொல்லியிருக்கலாம். வாயில் ஒரு வரிதான் தேவைப்பட்டது: சார், நான் உங்களுக்குப் பயந்து போட்ட சில்லு அது. அதைச் சொன்னால் சாரின் முகம் என்ன ஆகும்? கோப்பையைச் சாய்த்துப் பார்த்த அந்த முகம். ஆறாம் படி ஏறிய மாவீரனைக் கீழே தள்ளுவதைப் போல. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது பொய் என்றும் உடனே தெரிந்தது. தனக்காகத்தான் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது குருவி எந்திரத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டாள். “என்னடி, டோஸா?”

“இல்ல. சும்மா.”

“மூஞ்சி சும்மா மாதிரி இல்லையே.”

“தலைவலி.”

குருவி தன் பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள். வராத தலைவலிக்கு அவள் அந்த மாத்திரையை விழுங்கினாள். தண்ணீர் கூடக் குருவியே கொண்டு வந்தாள்.

*

அந்த வாரம் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோழைகளுக்கு மட்டுமே தோன்றும் வழி. வாயால் சொல்ல முடியாததை ஆட்டத்தால் சொல்லிவிடுவது. சார் அறிவிக்கும் முன்னால் குருவியின் கோப்பை நிரம்பி வழிந்தால், அவரே கண்ணால் பார்த்து மனம் மாறிவிட மாட்டாரா? பேருந்தில் வரும்போதும் போகும்போதும் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து அவள் ஒரு நகரத்தைக் கட்டினாள். சூரியன் உதிக்காத நகரம். அங்கே இருக்கும் ஜீவன்களுக்கு வாள் ஒரு பொருட்டில்லை, வெளிச்சம்தான் பயம். அவற்றின் மொழியே வெளிச்சம். தன் வாழ்நாளில் அவள் கட்டியவற்றில் அதுதான் அழகான நகரம். அதைக் கட்டிய காரணத்தை நினைத்தால் மட்டும் காது மடல் சுட்டது.

ஞாயிறு மழை. சார் கையில் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். “எதுக்கு சார்?” என்று மாமா கேட்டதற்கு, “பொறுங்க, பொறுங்க,” என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஆட்டம் நடந்தது. மாவீரன் வீசிய வாள் நிழல்களுக்குள் புகுந்து வெறுமனே வெளியே வந்தது. திருடன் திருடிய பை காலியாக இருந்தது. லாந்தர்க்காரி ஒரு எட்டு வைத்தால் சுவர்கள் விலகின. லாந்தரை உயர்த்தினால் கதவு திறந்தது, தாழ்த்தினால் நிழல்கள் மண்டியிட்டன.

“இதென்ன கூத்து? இன்னைக்கு ஊரே குருவிக்குக் குடைபிடிக்குது!” என்றார் மாமா.

குருவிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கண் விரிந்தது. நிழல்களின் அரசி எதிரே வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். “நான் லாந்தரை அவ கையில குடுக்கறேன். அவ என்னைக்காவது தூக்கிப் பாத்திருப்பாளா? குடுத்துட்டு அவ பக்கத்துலயே இருட்டுல நிக்கறேன்,” என்றாள். இது சாமியின் திட்டத்தில் இல்லாதது. பகடையை உருட்டச் சொல்லவே அவளுக்கு மனம் வரவில்லை. இதை முன்பே இந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால்? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்திருந்தால்?

சில்லு நேரம் வந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே குருவியிடம் போனாள்.

“சுவரைத் திறந்ததுக்கு.” க்ளிங். “நிழலுக்குப் பயப்படாததுக்கு.” க்ளிங். “லாந்தரை அரசிகிட்டக் குடுத்ததுக்கு.” க்ளிங், க்ளிங், க்ளிங். அப்புறம் கை நிற்கவில்லை. “போன வாரம் கை சுட்டப்பவும் கீழ வைக்காததுக்கு. அதுக்கு முந்தி பாலத்துல கடைசியா வந்ததுக்கு. அதுக்கும் முந்தி…” பழைய ஞாயிறுகள் ஒவ்வொன்றாக வாயில் வந்தன. சில்லுகள் கோப்பையில் நிரம்பி, மேசையில் சிந்தி, ஒன்று உருண்டு போய்க் கீழே விழுந்தது.

குருவியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

அதற்குள் சார் கைதட்டினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. “பாத்தீங்களா? இதுக்குத்தான், இதுக்குத்தான் நான் சொல்றேன்! பின்தங்கி நிக்கறவங்களையும் தட்டிக் குடுத்து மேல ஏத்திவிடற மனசு. டிரைவர் சார், உங்க அக்கா பொண்ணுதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரப்போற நம்ம பட்டறைக்குப் பொறுப்பு. குருவி, உன் வீட்டுப் பக்கம்தானேம்மா? நீயும் அங்கேயே வந்துடு. உன் தோழிக்குக் கீழ வேலை செய்யறதுல உனக்கு என்ன கஷ்டம்!”

கேக் பெட்டி திறந்தது. மாமா சில்லுகளைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், தன் அக்கா மகளைப் பார்த்தார். கத்தியை எடுத்து கேக்கை வெட்ட ஆரம்பித்தார். ஒருவரும் கேட்காமலேயே வெட்டிக்கொண்டே இருந்தார்.

“நல்லது சார்,” என்றாள் குருவி. கீழே விழுந்த சில்லைக் குனிந்து எடுத்தாள். அதன் விளிம்பைப் பெருவிரலால் தடவினாள். எந்திரத்தின் முன்னால் நாள் முழுக்கத் தடவிப் பார்க்கும் அதே விரல். “இது நான் தேய்ச்சதுதான். அவசரத்துல ஓரம் போயிடுச்சு,” என்று சொல்லி அதை மேசைமேல் வைத்தாள். கோப்பைக்குள் போடவில்லை.

சார் உற்சாகமாகப் பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். குருவி குடையை எடுத்தாள். சாமி பின்னாலேயே ஓடினாள்.

இரண்டாம் மாடி வளைவில் ஒரு ஜன்னல் உண்டு. குருவி அங்கே நின்றாள். படிக்கட்டில் ஈரச் செருப்பின் வாடை.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“திங்கக்கிழமை.”

“மாத்திரை குடுத்தேனே, அன்னைக்கா?”

அவள் தலையசைத்தாள்.

“என் கோப்பையைப் பாத்துதான் முடிவு பண்ணாரா?”

மறுபடியும் தலையசைத்தாள். கைப்பிடிச் சுவரில் பெயர்ந்திருந்த காரையை நகத்தால் சுரண்டினாள்.

“எனக்கு அது காலியா இருந்ததுல வருத்தமே இல்லடி. ஆட்டம்தானே. சாரைப் பாத்தா உனக்குப் பயம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சுக்கிட்டுக் கழுவி வச்சேன்.” குருவி குடையின் நுனியால் படியைத் தட்டினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கை சுடுதுன்னு அன்னைக்குச் சொன்னேனே, அது உனக்குக் கேட்டுச்சா?”

பொய் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

“கேட்டுச்சு.”

“கேக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் குருவி.

அடிவாங்கியிருந்தால் கூட இப்படி வலித்திருக்காது. மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தாள். குருவி கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள். வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பது போல. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சார் தன் ஸ்கூட்டர் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டும் முன்னால், மேலே அண்ணாந்து பார்த்து இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தார். குருவி பதிலுக்குக் கையசைத்தாள். சாமியால் முடியவில்லை.

“இன்னும் கெளம்பல,” என்றாள் குருவி, அவரைப் பார்த்தபடியே. “இப்பவே கீழ போய் அவர்கிட்ட சொல்றியா? நான் லாந்தர் தூக்கின கதையை இல்ல. நீ சில்லு போட்ட கதையை.”